வடக்கு யப்பானின் வயதுபோன போஞ்சிகள்

சோதனையில் தெரியாத கேள்வி வந்தால் எப்படியாவது தப்பிவிடலாம். நன்றாகத் தெரிந்த விஷயத்தைக் கதைக்கும்போதுதான் மானம் போகும்.

மன்னாரிலிருந்து கலியாணமாகி டென்மார்க்கின் இக்காஸ்டுக்கு வந்த புதிது. டேனிஷ் வாய்மொழிச் சோதனையில் சித்தியடைந்தால்தான் முதியோர் பராமரிப்புப் படிப்பில் எனக்கு இடம். தலைப்பை நாங்களே தெரிவுசெய்யலாம். வகுப்பில் மற்றவர்கள் சைக்கிளைப் பற்றிப் பேச, நான் வடக்கு யப்பானில் ஒரு சின்ன ஊரை எடுத்தேன். என் தம்பி அன்ரன் அங்கே ஒரு விவசாயியின் அப்பிள் தோட்டத்தில் வேலை செய்தான். (நான் அந்த ஊரைக் கண்டதில்லை. அவன் போனில் சொன்னது போதாதா?)

டேனிஷில் விவசாயிகளுக்கும் போஞ்சிக்காய்க்கும், அதுதான் பீன்ஸுக்கும், ஏறக்குறைய ஒரே சொல். விவசாயிகள் என்றால் தொண்டையில் ஒரு சின்ன விக்கல் போடவேண்டும். அப்படியொரு விக்கல் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆகவே சோதகர்கள் இருவருக்கும் கேட்டது இதுதான்: அந்த ஊரில் பனி கூரைவரை கொட்டும். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவை வயதுபோன போஞ்சிகள். இளம் பெண்கள் போஞ்சிகளைக் கட்ட விரும்புவதில்லை. என் தம்பி ஒரு கிழட்டுப் போஞ்சியோடும் அதன் மனைவியோடும் வசிக்கிறான். பின்னேரத்தில் அந்தப் போஞ்சி சுடுதண்ணீரில் இறங்கி ஊறும்.

பெண் சோதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

"பெரிய போஞ்சிகளா?" என்று மற்றவர் மெல்லக் கேட்டார்.

"சின்னதுதான். ஆனால் நல்ல பலம். பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட்டதால் சிலது அழும்."

பெண் சோதகர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார்.

கடைசியில் சித்தி என்றார்கள். உச்சரிப்பைக் கவனிக்கவேண்டுமாம், ஆனால் ஊர் கண்முன்னே நின்றதாம். பெருமையோடு காரில் ஏறி, இங்கேயே வளர்ந்த என் கணவர் ஜெறாட்டுக்கு முழுதையும் சொல்லிக் காட்டினேன். அவர் காரை ஓரங்கட்டினார்.

"அது போஞ்சியப்பா."

"எது?"

"நீர் சொன்னதெல்லாம்."

எனக்கு முகம் எரிந்தது. திரும்பிப் போய் விளக்கம் சொல்லவேண்டும் என்று அடம்பிடித்தேன்.

"விடும். இப்ப போனா சித்தியையும் பறிச்சுப்போடுவினம்," என்றார்.

இப்போது அந்தத் தோட்டத்தை அன்ரன்தான் நடத்துகிறான். போன நத்தார் பண்டிகைக்கு முதன்முதலாக எங்களிடம் வந்தான். வீட்டில் டேனிஷில் மட்டுமே பதில் சொல்லும் என் மகள், அவனுக்காகத் தமிழில் பாடமாக்கி வைத்திருந்ததை விமான நிலையத்தில் பணிவாகச் சொன்னாள்:

"வாங்கோ, போஞ்சி மாமா."

அவனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"காரிலை ஏறு," என்றேன். "சொல்லுறன்."