ஏழாம் பக்கம் பலகையோடு ஒட்டிக்கொண்டது

இல்லை சித்தப்பா, நான் சும்மா இல்லை. பேப்பர் தேர்ந்தெடுக்கிறேன். அதெல்லாம் ஒரு வேலையாடா என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. வேலைதான். ஆளைக் குழப்பியே கொல்கிற வேலை.

அட, ஸலாம் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன். கெதிரி நகரில் டோஃபு ஆலை நடத்திவரும் மதிப்பிற்குரிய சித்தப்பா ஹார்ஜோ அவர்களுக்கும் சித்திக்கும், யோக்யாவிலிருந்து ஜரோத் பணிவுடன் ஸலாம் கூறி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அப்பாவின் கோபமும் நலம். அங்கும் அவ்வண்ணமே இருக்க துஆ செய்கிறேன். போதுமா? விஷயத்துக்கு வருகிறேன்.

காலேஜைப் பாதியில் விட்டதிலிருந்து அப்பாவுக்கு ஒரே பாட்டுத்தான். "இந்த மாசம் ஒரு வேலையயாவது முழுசா முடி. இல்லேன்னா சித்தப்பா லாரி வரும், ஏறிப்போயி சோயா அரைச்சிக்கிட்டுக் கெட." தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் டோஃபு எனக்குப் பிடிக்கும், அதன் வாடைதான் ஆகாது. அதனால் தெருத் தலைவர் பாக் சுகெங்கிடம் போய் நின்றேன். அவரும் யோசிக்காமல், காவல் கொட்டகைப் பக்கத்திலுள்ள பலகையில் தினமும் பேப்பர் ஒட்டுகிற வேலையைக் கொடுத்துவிட்டார். "நல்ல தரமான பேப்பரா பாத்து ஒட்டுப்பா. தெருவே நின்னு படிக்குது." அவ்வளவுதான் சொன்னார். தரமான பேப்பர் எது என்று சொல்லவே இல்லை.

பழைய அதிபர் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் அவர் ஒரு பாலம் திறந்துகொண்டிருப்பார். போன வருஷம் அவர் இறங்கினார், இப்போது கடையில் ஈரத்துணி காயப்போட்ட மாதிரி பேப்பர் பேப்பராகத் தொங்குகிறது. வாரத்துக்கு ஒன்று பிறக்கிறது, ஒன்று சாகிறது. எதை எடுக்க? நாலு பேரிடம் கேட்டேன். ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் பாக் விக்னியோ, "கையில மை ஒட்டக்கூடாது, அதான் தரம்" என்றார். கைவண்டியில் சோற்றுப் பொட்டலம் விற்கிற தும்மிராக்கா, "எண்ணெ ஊறாம இருக்கணும் தம்பி. போன வாரம் ஒண்ணு வாங்குனேன், மந்திரி மூஞ்சி அப்படியே சோத்துல எறங்கிருச்சு" என்றாள். எதிர்வீட்டு பாயு, "கடைசிப் பக்கம் ஃபுட்பால் இருக்கா? மத்ததெல்லாம் பொய்டா" என்றான். அப்பாவிடம் கேட்டேன். "படிச்சவனக் கேளு" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை எவன் சரியாக எழுதியிருக்கிறான் என்று பார்த்தால் போதாதா? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்தினம் எங்கள் தெருக் குர்பானி மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி பாத்திக் துணிக்கடையில் புகுந்தது. நானும்தான் பின்னால் ஓடினேன், செருப்பு ஒன்று போயிற்று. அதைப் பற்றி மூன்று பேப்பரைத் தேடிப் பிடித்தேன். 'லந்தாங்' எழுதியது: கலவரம், கடை சூறை, பின்னணியில் மர்ம சக்தி. 'ஒபோர்' மாட்டை எருமையாக்கி, அது மூன்று முறை அழுததாகவும் எழுதியது. 'தெலித்தி' என்று ஒரு சோகை பிடித்த பேப்பர், படமே இல்லை, ஓரத்தில் நாலு வரி: மாடு ஓடியது, பத்து சேலை கிழிந்தது, மாடு பிடிபட்டது. சித்தப்பா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் பேப்பர்!

முன்னால் இந்த வேலை பார்த்த ஆள் ஒரே பேப்பரில் இரண்டு பிரதி வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தார். எந்த முட்டாளாவது ஒரே பேப்பரை இரண்டு வாங்குவானா? நான் தெலித்தி ஒன்று, ஃபுட்பாலுக்காக ஒபோர் ஒன்று வாங்கினேன். காற்றில் பறக்கக்கூடாதென்று மரவள்ளிப் பசையை நாலு மூலைக்கு மட்டுமில்லாமல் முழுக்கத் தடவி, தட்டித் தட்டி ஒட்டினேன். அது நேற்றுக் காலை, என் முதல் நாள். அரைமணி நேரத்தில் பலகை முன்னால் பெருங்கூட்டம். தெலித்தியின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மலிவு அரிசி: தெருத் தலைவர்களிடம் விசாரணை.' கீழே, 'குறிப்பாகச் சொல்லவேண்டியவர் சுகெங். அவர் வீட்டு வாசலில் அரிசி மூட்டைகள் இறங்கியபோது நடந்தது என்னவென்றால்...' தொடர்ச்சி ஏழாம் பக்கம்.

ஏழாம் பக்கம் அதே தாளின் மறுபக்கம். பலகையோடு பசையில் இருக்கிறது.

எதற்கு இரண்டு பிரதி என்று அப்போதுதான் புரிந்தது. நகத்தால் சுரண்டினேன், எழுத்து பலகையிலும் காகிதம் என் நகத்திலும் வந்தது. கடையில் தெலித்தி தீர்ந்துவிட்டது. வருவதே ரெண்டோ மூணோ. பக்கத்துத் தெருவில் லந்தாங்தான் ஒட்டுகிறார்களாம். அப்பா வந்து பார்த்தார். "காலேஜும் பாதி, பேப்பரும் பாதியாடா?" அதற்குள் பாக் சுகெங்கே வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டினார், படித்தார், வேர்த்தார். என் தோளைப் பிடித்து, "தம்பி, நான் என்ன செஞ்சேன்னு போட்டிருக்கு?" என்றார். எனக்கென்ன தெரியும்? "தெரியல பாக், ஒட்டிக்கிச்சு" என்றேன்.

மனிதர் நேற்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர், எல்லோர் முன்னாலும் நின்று ஒரேயடியாகக் கத்திவிட்டார்: "ரெண்டு மூட்டதான் எடுத்தேன்! மூணுன்னு போட்டிருந்தா அது பச்சப்பொய்!" வீட்டுக்குப் போன கையோடு இரண்டு மூட்டையையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து காவல் கொட்டகையில் இறக்கினார். பார்த்தீர்களா சித்தப்பா, தரமான பேப்பர் என்றால் இதுதான்! முழுசாகப் படிக்கக்கூட வேண்டாம், பாதியிலேயே உண்மை வெளியே வருகிறது. எந்தப் பேப்பர் வாங்கலாம் என்று சித்தி கேட்டிருந்தாராமே, கண்ணை மூடிக்கொண்டு தெலித்தி வாங்கச் சொல்லுங்கள். அப்பா இன்று எனக்கு அவர் கையால் டீ போட்டுக் கொடுத்தார். ஆகவே லாரி அனுப்பவேண்டாம்.

சித்தியிடம் என் ஸலாத்தைச் சேர்ப்பிக்கவும். தங்கள் ஆலையில் சோயாப்பால் திரியாமலும், திரியவேண்டிய நேரத்தில் நன்றாகத் திரிந்தும், தாங்கள் நீடூழி வாழ வேண்டி, தங்கள் முழங்காலில் தலைவைத்து வணங்கும்,
ஜரோத்

பின்குறிப்பு: சித்தப்பா, ஏழாம் பக்கம் கிடைத்துவிட்டது. தும்மிராக்காவின் சோற்றுப் பொட்டலத்தைச் சுற்றி வந்தது, பாயு பிரித்தான். மிளகாய்ச் சம்பலைத் துடைத்துவிட்டுப் படித்தோம். 'மூட்டைகள் இறங்கியபோது கடைசி மணிவரை பங்கிட்டுக் கொடுத்த ஒரே தலைவர் சுகெங். இவரைப் பார்த்து மற்றவர்கள் கற்கவேண்டும்.' அவ்வளவுதான் போட்டிருக்கிறது! நான் நம்பிய பேப்பர்! மாட்டைச் சரியாக எழுதத் தெரிந்தவனுக்கு மனுஷனை எழுதத் தெரியவில்லை. தெரு முழுக்க இப்போது, "பேப்பர்லயே வந்திருச்சு, பாவம் மனுஷன், பயத்துல செய்யாதத ஒத்துக்கிட்டாரு" என்கிறது. அந்த இரண்டு மூட்டையும் அவர் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்ததாம்! அவரும் தலையை ஆட்டுகிறார். "ரெண்டு மூட்டைன்னு அவர் வாயாலயே சொன்னாரே" என்றேன். அப்பா என் கையிலிருந்த டீயைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது பாக் சுகெங் பசை வாளியோடு எங்கள் வாசலுக்கு வருகிறார். என்னை எந்தப் பலகையில் ஒட்டப்போகிறாரோ தெரியவில்லை. லாரியை உடனே அனுப்புங்கள். சித்தி எந்தப் பேப்பர் வாங்கினாலும் ரெண்டு வாங்கச் சொ... வந்துட்டாரு, நான் போகணும்.