தேறிய கோட்டுகள்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கியது என்பார்கள் சிலர். சக்கரத்தில் தொடங்கியது என்பார்கள் வேறு சிலர். இரண்டு கட்சிக்காரர்களும் சென்னை அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், மழையில் எதைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்குவது என்று நாலு பேர் கூடிப் பேசுகிறார்களே, நாகரிகம் அங்கேதான் தொடங்குகிறது என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். முடிவெடுப்பதும் இறங்குவதும் அப்புறம். அவை நாகரிகத்தில் சேர்த்தியில்லை.

இந்த உயர்ந்த பணிக்கென்றே அமைந்தது 'ஏரிக்கரைப் படகு மற்றும் தூண்டில் மன்றம்'. செயலாளர் ஜெகதீசன். ஏரியைப் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தூண்டில் போடுவார். மீன்கள் அவரிடம் மிகுந்த மரியாதை காட்டின. ஒன்றுகூடக் கிட்டே வந்ததில்லை.

மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. அதை வாங்க வைத்தவர் ஜெகதீசனின் அக்கா சுதா. பின் தெருவில், பள்ளத்தில், தரைத்தள வீட்டில் இருக்கிறார். கணவருக்கு வளைகுடாவில் வேலை. போன மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இனித் தண்ணீரில் இறங்கி நடக்கவே முடியாது.

"வருஷம் பூரா நீங்க மீன் புடிங்கடா, நான் வேணாங்கல," என்றார் சுதா. "தண்ணி வர்றப்ப மட்டும் என்னை இட்டுகினு போய்டு. அது போதும்."

"இது என்னக்கா பேச்சு? நான் வராம யார் வருவா?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் ஜெகதீசன். கண்கூடக் கலங்கியது. அக்கா என்றால் அவருக்கு உயிர். அதில் பொய்யே இல்லை.

படகு வந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். கற்பூரம் அணைவதற்குள் மன்றத் தலைவர் உத்தமன் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரி. மழையில படகு ஏறும்போது என்னத்தை மாட்டிக்கிறது?"

இப்படியொரு கேள்வி அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. உத்தமனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் துணி தரச்சோதனைப் பிரிவில் ஆயுள் முழுக்க இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். வீட்டில் தோசை வந்தால்கூட ஓரத்தில் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தேறியது" என்று அறிவித்த பிறகே சாப்பிடுவார். அவர் மனைவி அமைதியான பெண்மணி.

அன்றே தீர்மானம் நிறைவேறியது: 'மன்றம் சோதித்துத் தேறிய நீர்ப்புகா உடை அணியாமல் எந்த உறுப்பினரும் மழையில் படகேறக் கூடாது.' படகைக் குடியிருப்பின் கீழே, வண்டி நிறுத்தும் இடத்துத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை உத்தமன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஜெகதீசன் தீர்மானத்தில் பெருமையோடு கையெழுத்திட்டார்.

அடுத்து உடைத் தேர்வு. கணினிக் கம்பெனி ராகேஷ், நார்வே நாட்டு மீனவர்கள் புயலில் போகும் வீடியோக்களையெல்லாம் பார்த்துத் தேர்ந்தவர். "நமக்கு வேண்டியது மூணு அடுக்குத் துணி. கால்சட்டை நெஞ்சு வரைக்கும் ஏறணும். முக்கியமா, துணி மூச்சு விடணும்," என்றார்.

பூந்தமல்லியில் மழைக்கோட்டுக் கடை வைத்திருக்கும் ஜமீர் மாதிரிகளோடு வந்திருந்தார். அவர் கையிலிருந்த கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணி மூச்சு வுடுமா? இன்னா சார் சொல்றே? இதுல மூக்கு எங்க கீது?"

நிறம் பற்றிய விவாதம் தனியாக நடந்தது. தண்ணீரில் விழுந்தால் தூரத்திலிருந்து தெரிய வேண்டும், ஆகவே காவி கலந்த ஆரஞ்சு என்றார் ராகேஷ். அது ஒரு கட்சியின் சாயல் என்றார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. கடைசியில், எந்தக் கட்சியும் இன்றுவரை கேட்டு வராத நிறம் ஒன்றுதான் மிஞ்சியது: ஏரித் தண்ணீரின் நிறம். உள்ளே விழுந்தவரை அவரே தேடினாலும் காண முடியாது. கைதட்டலோடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ரகம் மட்டும் அவரவர் விருப்பம் என்று விட்டதால், படகோட்டும் குழுவினர் நாலு பேரும் நாலு ரகம் எடுத்தார்கள். சோதனை நாளும் வந்தது. உத்தமன் கத்தரிக்கோலை எடுத்தார். முதல் கோட்டைப் பிரித்து, நெஞ்சுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக ஒரு துண்டு வெட்டினார்.

"ஐயையோ! இன்னா நைனா, கேக்கு மாதிரி வெட்றே!" என்று அலறினார் ஜமீர்.

"சோதனைன்னா வெட்டித்தான் ஆகணும்," என்றார் உத்தமன். துண்டைக் கண்ணாடி டம்ளரின் வாயில் தொய்வாகக் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றினார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். காபி வந்தது, போண்டா வந்தது, ஒரு சொட்டும் கீழே வரவில்லை. "தேறியது!" என்றார் உத்தமன். அடுத்த மூன்று கோட்டுகளும் இதேபோல் சிறப்பாகத் தேறின.

எல்லாக் கோட்டிலும் நெஞ்சில் சன்னல் இருந்தது. காற்றோட்டம் பிரமாதம்.

"சார், இதைப் போட்டா நனைஞ்சிடுமே?" என்று ஜெகதீசன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நனையும். அதனால இதைப் போடக் கூடாது. வேற வாங்கு."

"வேற வாங்கினா போட்டுக்கலாமா?"

"அதை யார் சோதிச்சது?"

பொருளாளர் மைதிலி நல்ல படிப்பாளி. "தொழிற்சாலையில எப்படி சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அங்க ஒரு கட்டுக்கு ஒண்ணு வெட்டுவோம்மா. மிச்சத்தையெல்லாம் அப்படியே நம்பிச் சிப்பாய்க்கு அனுப்பிடுவோம். இங்க அப்படி முடியுமா? இது நம்ம உயிராச்சே!"

இந்தப் பதிலில் இருந்த ஞானத்தின் முன் மன்றம் தலை குனிந்தது. சோதித்த கோட்டில் ஓட்டை. ஓட்டையில்லாத கோட்டு சோதிக்காதது. ஐப்பசி முழுவதும் புதுக் கோட்டுகள் வந்தன, தேறின, ஓரமாகக் குவிந்தன. ஜமீர் கடையில் வியாபாரம் நன்றாக இருந்தது. ஆனாலும் வெட்டும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நடுவில் ஒருநாள் உச்சி வெயிலில் ராகேஷ் ஓட்டை போட்ட கோட்டுக்குள், நெஞ்சு வரை ஏறிய கால்சட்டையோடு, கரையில் ஒத்திகை நடந்தார். சற்று நேரத்தில் மயங்கி விழுந்தார். கால்சட்டையைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு குடம் வியர்வை கொட்டியது. "பாத்தீங்களா? உள்ள இருந்த தண்ணி ஒரு சொட்டு வெளிய வரலை," என்று உத்தமன் பரவசப்பட்டார்.

சுதா அவ்வப்போது போன் செய்வார். "போட்டு ரெடியாடா?"

"போட்டு அப்பவே ரெடிக்கா. கோட்டுதான் பாக்கி."

கார்த்திகையில் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் ஏரி நிரம்பி, உபரி நீர் வழியும் கலங்கல் வழியாகப் பொங்கிக்கொண்டிருந்தது. மன்றம் உடனடியாக, ஒரு நொடியும் தாமதிக்காமல், மூன்றாவது மாடியில் ஜெகதீசன் வீட்டில் அவசரக் கூட்டம் போட்டது. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் படகு தானாகவே மிதந்து, சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றது. ஜெகதீசனின் போன் அடித்தது.

"ஜெகா, தண்ணி கட்டில் மேல ஏறுதுடா. காலை ஊன முடியல. எங்கடா கீறே?"

"மீட்டிங்லக்கா! இதோ வந்துட்டேன்!"

ஜெகதீசன் எழுந்து ஓடினார். படிக்கட்டின் கடைசி வரை இறங்கிவிட்டார். சாரல் தோளில் பட்டது. அப்போதுதான் தீர்மானத்தில் தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. சட்டை புதிது என்பதும் நினைவுக்கு வந்தது. திரும்பி மேலே ஏறினார்.

"சார், சாவியைக் குடுங்க. அக்கா தனியா இருக்கு."

"குடுக்கிறேன். கோட்டு எங்க?"

ஜமீருக்குப் போன் பறந்தது. அந்த மனிதர் பாதி தூரம் தண்ணீர் லாரியிலும் மீதி தூரம் இடுப்பளவு தண்ணீரிலுமாக, நாலு புதுக் கோட்டைத் தலைமேல் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். முழுக் கோட்டுகள். ஓட்டையே இல்லை. ஜெகதீசன் அவரைக் கட்டிக்கொள்ளப் போனார். ஈரமாக இருந்ததால் கட்டிக்கொள்ளவில்லை.

உத்தமன் கத்தரிக்கோலை எடுத்தார்.

"அண்ணாத்தே! அங்க ஒரு அம்மா முங்கிகினு கீது, இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?" என்று கத்தினார் ஜமீர்.

"அதுக்காகத்தானே அவசரமா சோதிக்கிறோம்?" என்றார் ஜெகதீசன். டம்ளர் அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. "நீ கொஞ்சம் தள்ளி நில்லு ஜமீர். உன்மேலேர்ந்து சொட்டுது. அப்புறம் டம்ளர்ல எது விழுந்ததுன்னு தெரியாமப் போயிடும்."

ஜமீர் அவரை மேலும் கீழும் பார்த்தார். விறுவிறுவென்று இறங்கிப் போனார். சோதனைக்கு இடைஞ்சல் தீர்ந்தது. போன் மறுபடி மறுபடி அடித்தது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்ததால் ஜெகதீசன் எடுக்கவில்லை. செய்கிற வேலையில் அப்படியொரு ஈடுபாடு.

நாலாவது கோட்டும் தேறும் நேரத்தில் படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜமீரும் பின் தெருக்காரர் ஒருவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். நாற்காலியில் சுதா. தலையிலிருந்து கால்வரை நனைந்து, நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா!" என்று ஜெகதீசன் துள்ளி எழுந்தார். டம்ளரை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். "பாருக்கா, எல்லாம் உனக்காகத்தான். ஒரு சொட்டு இறங்கலை பாரு!"

சுதா டம்ளரைப் பார்த்தார். தம்பியின் கலையாத, காய்ந்த சட்டையைப் பார்த்தார். முந்தானையை மெதுவாகப் பிழிந்தார்.

"கோட்டை ஏன்டா வெட்டி வீணாக்குறீங்க? காலைலேர்ந்து கத்துறேன், ஒரு வார்த்தை உனக்குள்ள இறங்கலை. உன் தோலை உரிச்சித் தச்சிருந்தா, நாலு பேருக்கும் கோட்டு ஆயிருக்குமே!"