கப்டனைப் பதவி நீக்கிய பென்டில் ஹில் கூட்டம்

மேற்கு சிட்னி தமிழர் கிரிக்கெட் அபிமானிகள் சங்கத்தின் எழுபத்தாறாவது காலாண்டுப் பொதுக்கூட்டம், பென்டில் ஹில்லில் உள்ள ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. நிகழ்ச்சி நிரலில் இரண்டே இரண்டு விடயங்கள். முதலாவது, தேசிய அணித்தலைவரின் துடுப்பாட்டமும் தலைமைத்துவமும். இரண்டாவது, அங்கத்தவர் மயூரதனுக்கு ஒரு கடிதம்.

கடிதம் என்றால் பெரிய கடிதம் ஒன்றுமில்லை. பத்து வரி. மயூரதன் இலங்கையிலிருந்து படகில் வந்து பதின்மூன்று வருடமாகிறது. செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறான். இன்னும் தற்காலிக விசாதான். இவர் எங்களோடு சேர்ந்து வாழ்கிற நல்ல மனிதர் என்று ஏதாவது ஒரு சங்கம் எழுதித் தந்தால் விண்ணப்பத்தோடு சேர்த்துவிடலாம், கூட்டத்துக்கு மறுநாள் திங்கள், ஐந்து மணிக்குப் பிறகு கொண்டுவந்தால் வாங்கமாட்டேன் என்று பரமட்டாவில் இருக்கும் சட்டத்தரணி சொல்லியிருந்தார். மயூரதன் சங்க அணியின் தொடக்க ஆட்டக்காரன். ஆகவே கடிதத்தைத் தானே தட்டச்சுச் செய்துகொண்டு, போன கிழமையே தலைவர் மகேந்திரராசா வீட்டுக்குப் போனான். தேவைப்பட்டது ஒரு கையெழுத்தும் ஒரு றப்பர் முத்திரையும்.

தலைவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "அருமையான கடிதம்" என்றார். பேனையை எடுத்தார். பிறகு மூடினார்.

"தம்பி, கை என்ர கைதான். ஆனால் கையெழுத்து சங்கத்தின்ர. சங்கச் சட்டம், யாப்பு எண்டு ஒண்டு இருக்கெல்லோ? பொதுக்கூட்டத்தில தீர்மானம் வந்தால்தான் முத்திரை குத்தலாம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை முதல் விசயமா எடுப்பீங்களோ, அங்கிள்?"

"பொது விசயம் முதல். தனியார் விசயம் பிறகு. அதுவும் யாப்பு."

யாப்பை எழுதியவரும் அவர்தான். எழுதியவருக்கே அதில் இவ்வளவு பயம் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டு மயூரதன் திரும்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மங்கல விளக்கேற்றலுடன் ஆரம்பமாக வேண்டும். சிட்னி மண்டபங்களில் திரி கொளுத்தினால் புகைமணி அலறும், தீயணைப்பு வண்டி வரும். அந்த அனுபவம் சங்கத்துக்கு ஏற்கெனவே உண்டு. அதனால் இப்போது பற்றரியில் எரிகிற குத்துவிளக்கு. தலைவர் பட்டு வேட்டியோடு குனிந்து சுவிச்சை அழுத்தினார். எரியவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். அங்கத்தவர் நாகேஸ்வரி அன்ரி பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸின் வாசம் மட்டும்தான் மண்டபத்தில் உயிரோடு இருந்தது.

அப்போதுதான் செயலாளர் சிவசோதிக்கு மூளை வேலை செய்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி, அதன் பற்றரியை எடுத்து விளக்குக்குள் போட்டார். விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மணிக்கூடு திரும்பச் சுவருக்குப் போனது. அது இரண்டு மணி பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது.

அடுத்து, தொலைபேசிகள் எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போயின. போன வருடம் நன்றியுரை நடக்கும்போது யாரோ ஸ்கோர் பார்த்து "அவுட்!" என்று கத்தியதால் வந்த விதி அது. கைமணிக்கூடு கட்டுகிற பழக்கம் அங்கே ஒருவருக்கும் இல்லை. வெயிலுக்காகத் திரைச்சீலைகளும் இழுத்து விடப்பட்டிருந்தன.

மயூரதன் கை உயர்த்தினான். "அங்கிள், மணிக்கூடு நிண்டுபோச்சு. அஞ்சு மணிக்கு மண்டபத்தைக் குடுக்க வேணும்."

தலைவர் யாப்பைப் புரட்டினார். "பதினோராம் விதி. கூட்டத்தின் நேரம் மண்டபத்து மணிக்கூட்டின் நேரமே ஆகும்." நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "இரண்டு பத்து. தாராளமா நேரம் கிடக்குது, தம்பி."

தாராளமாக நேரம் கிடந்தபடியால் முதல் விடயம் தாராளமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. தலைவர் எழுந்தார். தம் வாழ்நாளில் அவர் துடுப்பைப் பிடித்தது ஒரேயொரு தடவை, சங்கத்தின் திறப்பு விழாப் போட்டியில். அதிலும் முதல் பந்திலேயே போய்விட்டார். நடுவர் மச்சான் முறையானபடியால் அந்தப் பந்து கணக்கில் சேரவில்லை.

"எங்கட கப்டனுக்குக் கால் அசையுதில்லை" என்று ஆரம்பித்தார். "பந்து வெளியில போகுது, இவர் துடுப்பைக் கொண்டுபோய்க் குடுக்கிறார். சரி, அதை விடுவம். தலைமைத்துவம்? ஒரு முடிவு எடுக்கத் தெரியுதோ? யோசிச்சு யோசிச்சு, பீல்டரை அங்க வைச்சு இங்க வைச்சு, ஆட்டமே கையை விட்டுப் போகுது. ஒரு மனிசன் எவ்வளவு காலத்துக்குத்தான் பதவியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது? இளம் பிள்ளையளுக்கு வழிவிட வேண்டாமோ?"

இதைச் சொன்னபோது அவர் பத்தொன்பதாவது வருடமாகத் தலைவராக இருந்தார். சபை பலமாகக் கைதட்டியது.

பொருளாளர் சிறிதரன் எழுந்தார். இவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர், எதற்கும் எண் சொல்லுவார். "தலைவர் சொன்னதை நான் ஆமோதிக்கிறன். ஆனால் கப்டனைக் கோயில் கட்டிக் கும்பிடுகிற சனத்தைப் பற்றியும் சொல்லவேணும். ஒருநாள் அம்பது அடிச்சால் கடவுள். மற்ற நாள் பொம்மையைக் கொளுத்துறாங்கள்."

சிவசோதி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கொளுத்திறது இருக்கட்டும். அமைச்சரைப் பிடிச்சால் அணிக்குள்ள இடம். கப்டனும் அப்பிடித்தானே வந்தவர்?"

தலைவரின் நெற்றி சுருங்கியது. "அமைச்சரோ? இஞ்ச எந்த அமைச்சர் அணி எடுக்கிறவர்?"

"கோயில் ஆர் கட்டினது?" என்றார் இன்னொருவர்.

யார் எந்தக் கப்டனைச் சொல்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. மணிக்கூட்டின்படி ஒரு நொடியும் ஆகவில்லை. தலைவர் இதுவரை பேசியது அவுஸ்திரேலியக் கப்டனைப் பற்றி. சிறிதரன் பேசியது இந்தியக் கப்டனைப் பற்றி. சிவசோதி பேசியது இலங்கைக் கப்டனைப் பற்றி. கால் அசையாதது, முடிவு எடுக்காதது, பதவியை விடாதது எல்லாம் மூன்று பேருக்கும் கச்சிதமாகப் பொருந்தியபடியால் அதுவரை ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"நான் குடியுரிமைச் சத்தியம் எடுத்தனான். தேசிய அணி எண்டால் அவுஸ்திரேலியாதான்" என்றார் தலைவர்.

"சத்தியம் எடுத்தது பாஸ்போட்டுக்கு. நெஞ்சில கையை வைச்சுச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார் சிறிதரன்.

"நீர் இந்தியாவுக்கு ஒருக்கா, அதுவும் நகை எடுக்கத்தானே போனனீர்?" என்று திருப்பிக் கேட்டார் தலைவர்.

"அப்ப சிவசோதி இலங்கைக்குச் சப்போட்டோ?" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழும்பியது. போரிலிருந்து தப்பி வந்தவர்களின் சங்கத்தில் அதைவிடப் பெரிய வசை கிடையாது.

"நான் சப்போட் இல்லை!" சிவசோதிக்கு முகம் வியர்த்தது. "அவங்கள் தோக்கிறதைப் பாக்கத்தான் பாக்கிறனான். விடியவிடிய முழிச்சிருந்து பாக்கிறனான். வெண்டால் மட்டும் ஏனெண்டு தெரியாமல் ஒரு சந்தோசம் வருது. அதுக்கு நான் பொறுப்பில்லை."

நாகேஸ்வரி அன்ரி றோல்ஸ் தட்டை மேசையில் டங்கென்று வைத்தார். "எட கோதாரி! மூண்டு கப்டனுக்கும் இப்ப உங்கட தீர்மானமோ தேவை? அந்தப் பெடியனுக்கு நாளைக்குக் கடைசி நாள். குத்திறதைக் குத்திக் குடுத்திட்டுப் பிறகு தொண்டை கிழியக் கத்துங்கோவன்."

"நாகேஸ்வரி, உணர்ச்சிவசப்படக்கூடாது" என்றார் தலைவர். "தம்பியையே கேப்பம். தம்பி, எங்கட தேசிய அணி எது? நீ எந்த நாடு?"

மயூரதன் எழுந்து நின்றான். கடிதம் வியர்வையில் நனைந்து கையில் ஒட்டியிருந்தது.

"அதைத் தீர்மானிக்கத்தானே அங்கிள் நான் இந்தக் கடிதத்தைக் கேட்டனான்" என்றான்.

சிலர் குனிந்து றோல்ஸைப் பார்த்தார்கள். சங்கத்துக்கு வெட்கம் வந்த அபூர்வமான கணம் அது, அதை அப்படியே விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தலைவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு காரியத்தில் இறங்கினார். மூன்று நாட்டுக் கப்டன்களும் உடனடியாகப் பதவி நீக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏகமனதாக நிறைவேறியது. மூன்று கிரிக்கெட் சபைகளுக்கும் சங்கக் கடிதத் தலைப்பில் அங்கேயே எழுதிய கடிதங்களில் சிவசோதி டக் டக் டக்கென்று மூன்று முத்திரை குத்தினார். மயூரதனுக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. நாலாவது தனக்குத்தான்.

"இரண்டாவது விடயம்" என்றார் தலைவர்.

சிவசோதி கடிதத்தை விரித்து வாசித்தார். "இவர் எமது சமூகத்தின் பொறுப்புள்ள அங்கத்தவர். பொறுமையும் நிதானமும் மிக்கவர். சங்க அணியின் தொடக்க ஆட்டக்காரர்…" முத்திரை மைப்பெட்டியில் ஒருதரம் அழுந்தி மேலே எழுந்தது.

"நிதானம் எண்டால் தம்பியைப்போல இருக்கவேணும்" என்று சிறிதரன் நல்ல மனதோடுதான் சொன்னார். "தலைவரின்ர அவுஸ்திரேலியக் கப்டனைப்போல இல்லை. கடைசி ரெஸ்ற் மச்சில முப்பத்தொன்பது பந்துக்குப் பன்ரண்டு ஓட்டம். எருமை."

மயூரதன் பல்லைக் கடித்தான். அந்த ஆட்டத்தை அவன் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், முகாமையாளருக்குத் தெரியாமல், ஒவ்வொரு பந்தாகப் பார்த்தவன். பேசாமல் இரு என்று தனக்குத்தானே சொன்னான். முத்திரை கடிதத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"நாப்பத்தொண்டு" என்றது அவன் வாய்.

"என்ன?"

"முப்பத்தொன்பது இல்லை அங்கிள். நாப்பத்தொண்டு."

"முப்பத்தொன்பது. நான் கணக்கு வாத்தி."

"நீங்கள் கணக்கு வாத்தியாயிருக்கலாம். நான் பாத்தனான்! புதுப் பந்து. மழை பெய்த பிட்ச். மற்றப் பக்கம் மூண்டு விக்கெட் போச்சு. அந்த நாப்பத்தொரு பந்தும் நிண்டிராட்டில் அண்டைக்கே ஆட்டம் முடிஞ்சிருக்கும். பன்ரண்டு அடிச்சான் எண்டு சொல்லுறீங்கள், விட்ட பந்தை ஆர் எண்ணினது? எருமையோ? எங்கட கப்டனோ எருமை?"

"எங்கட" என்ற சொல் கூரையில் பட்டுத் திரும்பியது. சிறிதரன் எழுந்தார். தலைவர் எழுந்தார். சிவசோதி பேனை பிடிக்க வேண்டியிருந்ததால் முத்திரையை மேசையில் வைத்தார். மயூரதன் இரண்டு றோல்ஸையும் ஒரு சட்னிக் கிண்ணத்தையும் எடுத்து, சிலிப்பாகவும் கல்லியாகவும் மேசையில் வைத்து, களத்தடுப்பு விளக்கினான். பதின்மூன்று வருடமாக அவன் சொல்வதை ஒருவரும் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

கதவு திறந்தது. தொப்பியும் நீளச் சப்பாத்தும் போட்ட இருபது வெள்ளைக்காரப் பெண்மணிகள் இசைப்பெட்டியோடு நின்றார்கள். ஐந்து மணி நடன வகுப்பு. மன்னிக்கவேண்டும், எங்கள் நேரம் என்றார் அவர்களின் தலைவி, சிரித்துக்கொண்டே.

"நான் இன்னும் முடிக்கேல்லை!" என்று மயூரதன் கத்தினான். "இதை இப்பிடி விடேலாது. அடுத்த கூட்டத்தில வைச்சுக் கதைப்பம்!"

"வழிமொழிகிறேன்" என்றார் சிறிதரன். தலைவர் மேசையைத் தட்டிக் கூட்டத்தை ஒத்திவைத்தார். நாகேஸ்வரி அன்ரி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வாகனத் தரிப்பிடம் வரைக்கும் மயூரதன் சிவசோதியின் பின்னால் ஓடினான். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டபின் முத்திரை குத்த முடியாது என்று சிவசோதி உண்மையான கவலையோடு சொன்னார். அடுத்த கூட்டம் மூன்று மாதத்தில்.

திங்கள் பின்னேரம் நாலரை மணிக்கு மயூரதன் பரமட்டாவில், சட்டத்தரணியின் அலுவலகத்தில், முத்திரையில்லாத கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொலைபேசி முனகியது. கூட்ட அறிக்கை வந்திருந்தது.

"கூட்டம் பி.ப. 2.10க்கு ஆரம்பமாகி பி.ப. 2.10க்கு நிறைவுற்றது. மூன்று அணித்தலைவர்கள் பதவி நீக்கப்பட்டனர். இவர்களுள் அவுஸ்திரேலிய அணித்தலைவர் 39 பந்துகளில் 12 ஓட்டங்கள் பெற்றமை கண்டிக்கப்பட்டது. நேரம் போதாமையினால் அங்கத்தவர் மயூரதனின் கடிதம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: மயூரதன்."

அவன் முழுவதையும் வாசித்தான். முகம் சிவந்தது.

"அண்ணா, கடிதம் கொண்டுவந்தனீங்களோ?" என்று முன்மேசையிலிருந்த நிரூபா கேட்டாள். "அஞ்சு மணிக்குப் பூட்டிடுவம்."

"ஒரு நிமிசம், தங்கச்சி" என்றான் மயூரதன் நிமிராமல். இரண்டு பெருவிரலாலும் சிவசோதிக்கு எழுதிக்கொண்டிருந்தான்: "அறிக்கையில் பாரதூரமான பிழை உள்ளது. உடனடியாகத் திருத்தவும். நாற்பத்தொரு பந்துகள்."