சரக்கு: ஊழியர் ஒருவர்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது, நிலவில் கால் வைத்தது. இவையெல்லாம் சில்லறைச் சாதனைகள். ஒரு நிறுவனம் தன் ஊழியரின் தொப்பையைப் பற்றிக் கவலைப்பட்டுக் கூட்டம் போட்ட நாளில்தான் நாகரிகம் தன் உச்சியைத் தொட்டது. எண்ணூர் விரைவுச் சாலையோரம் இருக்கும் 'பேரலை சரக்குப் பெட்டக முனைய'த்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பிரியாணிக்குப் பிறகு, அது தொடப்பட்டது.

கூட்டத்தில் மேலாளர் வேதமாணிக்கம் 'நலமான ஊழியர், நகரும் நிறுவனம்' என்ற இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். எதையும் சுற்றறிக்கையாக அடித்து ஒட்டாவிட்டால் அவருக்கு அன்று தூக்கம் வராது. சுற்றறிக்கை சொன்னது: யார்டு சூப்பர்வைசர் வேலை காலியாக இருக்கிறது. பெட்டக வரிசைகளுக்கு இடையே நாள் முழுவதும் நடக்கும் வேலை. தொண்ணூறு நாளில் பத்து கிலோ குறைப்பவருக்கு அது வழங்கப்படும்.

ரஞ்சித் அதை மூன்று முறை படித்தான். அவன் லாரிகளை எடை போடும் எடைமேடையின் ஆபரேட்டர். நான்கு வருடமாகக் கண்ணாடி அறைக்குள் தினம் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பவன். போன மாதம் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "சர்க்கரை இன்னும் உள்ளே வரலை, கேட்டாண்ட நிக்குது. உட்கார்றதை நிறுத்துப்பா" என்றிருந்தார். உட்கார்வதுதான் அவன் உத்தியோகம் என்பதை அவரிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"சார், டாக்டரு உட்காரக் கூடாதுன்னுட்டாரு. அந்த வேலய குட்த்தீங்கன்னா நடந்து நடந்தே எறங்கிடும் சார்" என்றான்.

"எறங்கினப்புறம் நட டே. மொதல்ல தகுதி, பொறவுதான் வேலை" என்றார் வேதமாணிக்கம்.

எடையை எங்கே பார்ப்பது? இந்தக் கேள்விக்குக் கூட்டமே சிரித்தது. எண்பது டன் தாங்கும், அரசு முத்திரை பதித்த எடைமேடை வாசலிலேயே இருக்கும்போது வேறெங்கே போவது?

ஆக, ரஞ்சித் தன் சொந்த மேடையில் ஏறினான். ஐம்பதடி நீள இரும்புப் பரப்பின் நடுவே தனியாக நின்றபோது, யாரோ இறக்கிவைத்துவிட்டு மறந்துபோன மூட்டையைப் போல இருந்தான். யார்டின் பாதுகாப்பு விதிப்படி தலையில் ஹெல்மெட், காலில் இரும்பு வைத்த பூட்ஸ். கண்ணாடி அறையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டிரைலர் டிரைவர் துரை எட்டிப் பார்த்துக் கத்தினான்:

"நூறு மாமு! கம்ப்யூட்டர் வண்டி நம்பர் கேக்குது, இன்னா போட?"

"எம் பேர போடு."

"சரக்கு இன்னான்னு கேக்குது."

"ஊழியர்னு போடு டே" என்றார் வேதமாணிக்கம்.

அடுத்து கணக்கு குமாஸ்தா ஷிபின் ஏறினான். ஒட்டடைக் குச்சி போன்ற பையன், சும்மா வேடிக்கைக்காக ஏறினான். எழுபது. மற்றவர்கள் தங்கள் உடல்நலத்தில் நம்பிக்கை வைத்துக் கலைந்துவிட்டார்கள்.

மறுநாள் விடிகாலையிலிருந்து ரஞ்சித் ஓடத் தொடங்கினான். காலடிப்பேட்டை வீட்டிலிருந்து கடற்கரைச் சாலைவரை போய், வரிசையாக நிற்கும் டிரைலர்களின் ஓரமாகத் திரும்பி வருவான். ஆறு கிலோமீட்டர். மீன் கூடையோடு ஆட்டோவுக்கு நிற்கும் பவுனம்மாள் முதல் நாள் பதறிப்போனாள்.

"இன்னா நைனா, யாரு தொரத்திகினு வர்றாங்க?"

"யாருமில்ல ஆயா. ஒடம்பு எறங்க ஓட்றேன்."

"யாருமே தொரத்தாம இம்மாந்தூரம் ஓட்றியா? இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

ஓடிவிட்டு வந்தால் பசி வந்தது. பசியோடு, உழைத்தவனுக்கு உரிமை உண்டு என்ற உன்னதமான எண்ணமும் வந்தது. அந்த எண்ணத்துக்கு ஆறு இட்லி தேவைப்பட்டது. பிறகு பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தான். சனிக்கிழமைதோறும் மேடை ஏறினான். நூறு. நூறு. மறுபடியும் நூறு.

"ஓட்றது நீ, எளைக்கிறது உன் செருப்பு" என்றாள் மனைவி நர்மதா. ஆனால் இட்லியை நான்காக்கினாள், பிறகு மூன்றாக்கினாள். எண்பத்தைந்தாம் நாள் அவனை இழுத்துக்கொண்டு போய் மருந்துக்கடை மெஷினில் நிறுத்தினாள். தொண்ணூற்று மூன்று கிலோ எண்ணூறு கிராம்.

"எறங்கிகீதுயா! அப்புறம் ஏன் அந்த மெஷின் நூறுலயே நிக்குது?"

"அது பத்துப் பத்தா தாம்மே காட்டும். லாரிக்குக் கிராம் கணக்கா பாப்பாங்க? தொண்ணூத்தஞ்சுக்கு மேல போனா நூறு, கம்மியானா தொண்ணூறு."

"நீ கம்மிதானே?"

"ஹெல்மெட்டு, பூட்ஸு ரெண்டு கிலோ."

"அத்த கழட்டிட்டு ஏறு."

"யார்டுல கழட்டினா மெமோ."

நர்மதா விடவில்லை. "லாரிக்கு மட்டும் வண்டி எடைய கழிச்சிட்டுத்தானே சரக்கு எடை போட்ற? உனக்கும் அப்டி கழிக்கச் சொல்லு."

நான்கு வருடம் பார்த்த தொழிலில் ரஞ்சித்துக்குத் தோன்றாத யோசனை அது. தொண்ணூறாம் நாள் காலை வேதமாணிக்கத்திடம் போய்ச் சொன்னான். அவர் நேர்மையானவர், உடனே ஒப்புக்கொண்டார். "நியாயம்லா. ஆனா மருந்துக்கடை எடையெல்லாம் செல்லாது. நம்ம மேடைலயே வச்சுப் பாப்போம்."

ரஞ்சித் மேடைக்கு வெளியே வெறுங்காலோடு நிற்க, ஹெல்மெட்டும் பூட்ஸும் மட்டும் எடைமேடையின் நட்டநடுவே வைக்கப்பட்டன. மேடை அவற்றை ஆழ்ந்து பரிசீலித்தது.

பூஜ்யம்.

"ஒண்ணும் இல்லையேடே" என்றார் வேதமாணிக்கம் வருத்தத்தோடு. "இல்லாத எடைய எப்படிக் கழிக்க?"

எடை இல்லாத ஹெல்மெட்டை மாட்டி, எடை இல்லாத பூட்ஸைக் கட்டிக்கொண்டு ரஞ்சித் ஏறினான். நூறு.

ஷிபின் ஏறினான். தொண்ணூறு நாளில் அவன் ஓடிய ஒரே ஓட்டம் பிரியாணிப் பந்திக்குத்தான். இன்று இன்னும் சாப்பிடவில்லை. அறுபது.

"பத்து கிலோ!" வேதமாணிக்கத்தின் கண் கலங்கியது. "பாத்துக்கோ ரஞ்சித்து. மனசு வச்சா முடியும்."

புது யார்டு சூப்பர்வைசர் தன் பைக்கில் ஏறி, பெட்டக வரிசைகளை மேற்பார்வையிடப் புறப்பட்டார். ரஞ்சித் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தான். நாற்காலி பழைய நண்பனைப் போல முனகியது.

அப்போது துரையின் டிரைலர் இரும்புச் சுருள்களோடு மேடை ஏறியது. திரையில் எண் எழுந்தது: அறுபத்தொரு டன் முந்நூற்று நாற்பது கிலோ. வண்டிக்கு அனுமதித்த அளவு ஐம்பத்தைந்து டன். வேதமாணிக்கம் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகவே சொன்னார்:

"அம்பத்தஞ்சு போட்டு அனுப்பு."

ரஞ்சித்தின் விரல் வழக்கம்போல விசைக்குப் போய், அங்கேயே நின்றது.

"சார்... ஆறு டன்ன எழுதாம உட்றோம். எனக்கு ஒரு ரெண்டு கிலோ அப்டி உடக் கூடாதா சார்? டாக்டரு சொன்னது உங்களுக்கே தெரியும்."

வேதமாணிக்கம் உண்மையிலேயே புண்பட்டார். "என்னடே பேசுதே? அது வியாபாரம். இது உன் உடம்பு. உடம்பு விஷயத்துல பொய் எழுதலாமா?"

"மாமு, சீக்கிரம் சீட்ட குடு, பின்னால வண்டி நிக்குது" என்று கத்தினான் துரை.

ரஞ்சித் ஐம்பத்தைந்து என்று அடித்தான். சீட்டு வந்தது. வண்டி போனது.

ஆண்டிறுதியில் தலைமையகத்துக்குப் போன அறிக்கை ஒரு பொக்கிஷம். அந்த ஆண்டு எடைமேடையில் ஏறியவை பதினோராயிரத்துச் சொச்சம் வண்டிகளும் இரண்டு ஊழியர்களும். வண்டிகளில் ஒன்றுகூட அளவைத் தாண்டவில்லை. எனவே எண்ணூர் சாலை அதிக பாரத்தால்தான் குண்டும் குழியுமாகிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அரசு முத்திரை பெற்ற பதிவேட்டின்படி, அந்தச் சாலையில் அதிக எடையோடு போனவன் ஒருவன்தான். அவனும் தினமும் விடிகாலையில், ஓரமாகத்தான் ஓடினான்.