இன்னும் ஒரே ஒரு கார்டு

கணினியில் விளையாடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; அவர்கள் பாட்டுக்கு விளையாடுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறொரு இனம். இவர் விளையாடுவதில்லை; விளையாடுவதற்குக் கணினியைத் தயார் செய்கிறார். நேற்றும் தயார் செய்தார், இன்றும் செய்கிறார். நாளை எமனே வந்து கதவைத் தட்டினாலும், "கொஞ்சம் இருங்க, டிரைவர் ஏறிக்கிட்டிருக்கு" என்பார்.

பாதிவிலைப் பராக்கிரமர் என்று இவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் நீஷ் நகரத்தில், நான் குடியிருக்கும் இந்த ஒரே கட்டடத்தில், மாடிக்கு ஒருவராவது தேறுவார். அடையாளம் சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடி அதன் இடத்தில் இருக்காது. எங்கே போயிற்று? பால்கனியில் போய்ப் பாருங்கள், இலையுதிர் காலமாக இருந்தால் அதன்மேல் குளிர்காலத் தொக்குக்காகச் சுட்ட குடைமிளகாய் ஆறிக்கொண்டிருக்கும். விளையாட்டைப் பற்றிக் கேட்டால் கதை சொல்லத் தெரியாது. திரையின் மூலையில் ஓடும் எண்ணைத்தான் சொல்வார். ஒரு விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பதே அவருக்கு வீரம், சோகம், காதல் எல்லாம்.

எனக்கு மேலே நான்காம் மாடியில் இருக்கும் நெபோய்ஷா இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. ஏதோ ஒரு அலுவலகம் மூடியபோது ஏலத்தில் தள்ளிய பழைய கணினி ஒன்றை எடுத்துவந்தார். அன்றிலிருந்து லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உபதேசம்தான்.

"புதுசு வாங்குறவன் முட்டாள்ப்பா. பழசுக்குள்ள உயிர் இருக்கு. ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு, செகண்ட் ஹேண்ட்ல போட்டேன்னு வை, பறக்கும்!"

பறந்ததா? கார்டு வந்தது, பெட்டிக்குள் நுழையவில்லை. ரம்பம் எடுத்து உள்தகட்டை அறுத்தார். நுழைந்தது, பவர் சப்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெரிய பவர் சப்ளை வந்தது, சூடு ஏறியது. சூட்டுக்கு ஃபேன், ஃபேனை மாட்ட இன்னொரு துளை, துளை போட ஒரு துளைக்கருவி, அதையும் சந்தையில் பாதி விலைக்கு. கடைசியில் பார்த்தால் பிராசசர்தான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். சந்நியாசி பூனை வளர்த்த கதைதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அந்த முக்கால் பணத்தையும் பேரம் பேசித்தான் குடுத்தேன்" என்றார் பெருமையாக.

இந்த இனத்தாரின் வாங்கும் சடங்கு தனி அழகு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சந்திப்பு நடக்கும். விற்பவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கார்டை எடுப்பார். கருகல் வாசனை வருகிறதா என்று நம்மவர் அதை முகர்ந்து பார்ப்பார். ஆமாம், முகர்ந்துதான்.

"உண்மையைச் சொல்லு, ராப்பகலா டிஜிட்டல் காசு தோண்ட ஓட்டின கார்டா இது?"

"அய்யய்யோ! எங்கம்மா மேல சத்தியம். தங்கச்சி வச்சிருந்தது அண்ணே. காலேஜ் கட்டுரை மட்டும்தான் எழுதுவா."

கட்டுரை எழுத எதற்கு மூன்று ஃபேன் வைத்த கார்டு? நெபோய்ஷா கேட்கமாட்டார். கேட்டால் பாதி விலை போய்விடுமே.

இருக்கட்டும், ஒரு மனிதர் தன் வீட்டில் தன் பெட்டியை அறுத்தால் உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். இத்தனையும் யாருக்காகத் தெரியுமா? ஸ்தோயானுக்காக. ஸ்தோயான் அவருடைய கூம். கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவன், பிறகு பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனவன். எங்கள் ஊரில் கூம் என்றால் கூடப் பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். இருவரும் இளம் வயதில் ஒரே நாற்காலியைப் பங்குபோட்டுப் பீரங்கி வண்டி விளையாட்டு ஆடியவர்கள். வேலை பார்த்த ஆலை மூடியதும் ஸ்தோயான் ஆஸ்திரியாவுக்குப் போனான். லின்ஸ் நகரத்தில் லாரி ஓட்டுகிறான், தனியாக. போகும்போது ஒரு ஏற்பாடு: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அங்கிருந்து, இவர் இங்கிருந்து, இருவரும் இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டும்.

ஞாயிறு தவறாமல் அழைப்பு வரும், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மேல்மாடிச் சத்தம் எங்கள் கட்டடத்தில் கீழ்மாடிக்கும் சொந்தம் என்பதால் எனக்கு அது மனப்பாடம்.

"கூமே, இன்னிக்கு வர்றியா?"

"அடுத்த ஞாயிறு கூமே. இன்னும் ஒரே ஒரு கார்டு. வந்துட்டா தீர்ந்தது."

"இருக்கிறத வச்சு வாடா. படம் மங்கலா இருந்தா என்ன, நாம என்ன பொண்ணா பாக்கப்போறோம்?"

"மங்கலா ஆடுறது உனக்கு மரியாதை இல்ல கூமே!"

இப்படியே இரண்டு குளிர்காலம் ஓடியது. பிறகு ஸ்தோயான் கேட்பதை நிறுத்திவிட்டான். "பாவம், அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்று நெபோய்ஷா விளக்கினார். எனக்கு அதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. ஆனால் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவரிடம் வாக்குவாதம் எதற்கு?

டிசம்பரில் நெபோய்ஷாவின் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள் வந்தது. இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். கூம் வராமல் இருப்பானா? ஸ்தோயான் லின்ஸிலிருந்து காரோட்டி வந்து சேர்ந்தான். நோன்புக் காலம் என்பதால் மீனும் மொச்சையும், பிராந்தி எப்போதும் போல. மெழுகுவர்த்தி எரிகிறது, ஹீட்டர் கொதிக்கிறது, ஒரே அறையில் என்னையும் சேர்த்து இருபது பேர். கெண்டைமீன் தட்டுக்குப் பக்கத்திலேயே மூடி இல்லாத கணினி, புதிதாக வந்த 'கடைசி' கார்டுடன் கொலுவிருக்கிறது.

"கூமே, இன்னிக்குப் பாரு!" என்று நெபோய்ஷா பொத்தானை அழுத்தினார். மாவு மில் கிளம்பியதுபோல் ஃபேன்கள் கிளம்பின. மூலையில் எண் ஏறியது. "பாத்தியா, பாத்தியா!" எண்ணைத்தான் காட்டினார். கூடவே சூடும் ஏறியது. அதைப் பார்த்ததும் பாய்ந்துபோய் ஜன்னலைத் திறந்தார், எதிரே பால்கனிக் கதவையும் திறந்தார்.

அவ்வளவுதான். எங்கள் ஊரில் போருக்கு அஞ்சாதவன் உண்டு, குறுக்குக் காற்றுக்கு அஞ்சாதவன் கிடையாது. கழுத்துப் பிடிப்பு, பல்வலி, மலடு, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாவற்றுக்கும் எதிரெதிரே திறந்த இரண்டு ஜன்னல்தான் மூலம்.

"எவன்டா திறந்தவன்? என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று நெபோய்ஷாவின் மாமியார் சகோர்கா எழுந்தார்.

"அத்தை, கார்டு சூடாகுது!"

"கார்டு போனா வேற வாங்குவ. எனக்குக் கழுத்து போனா?"

ஒருவர் ஜன்னலைச் சாத்த, நெபோய்ஷா திறக்க, மற்றவர் கதவைச் சாத்த, அங்கே ஓடி அவர் அதைத் திறக்க, நடுவில் சகோர்கா கையை நீட்டிக் காற்று வரும் திசையைத் தேடினார். பெட்டியிலிருந்தும் வருகிறது! "இதுவே ஒரு ஜன்னல்தானே" என்றார். தொலைக்காட்சி மேல் விரித்திருந்த பின்னல் துணியை எடுத்தார், மேலே தன் கம்பளிச் சால்வையையும் சேர்த்தார், திறந்திருந்த பக்கத்தைக் குழந்தையைப் போர்த்துகிற மாதிரி இறுக்கிப் போர்த்தினார். மாவு மில் ஒரு முறை முனகியது. திரை கறுத்தது. கருகிய வாசனை கெண்டைமீனை வென்றது.

நெபோய்ஷா சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடுகிறேன், அந்த நேரம் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

அப்போது அவர் மனைவி பில்யானா தட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தன் அலுவலக மடிக்கணினியை மேசையில் வைத்தார். கணக்கு எழுதுகிற மெல்லிசுப் பெட்டி.

"கூமே, உங்க பொட்டிய எடுங்க. நம்ம அணி காத்திருக்கும்."

"எந்த அணி? அதுல ஓடாது பில்யானா! அதுல கார்டே கிடையாது!" என்றார் நெபோய்ஷா.

ஓடியது. திரையில் பில்யானாவின் பெயர் வந்தது, பக்கத்தில் தளபதிப் பட்டம்.

"என்னிக்குலேர்ந்து?"

"போன வருஷம் மிளகாய் சுட்டோமே, அப்போலேர்ந்து. ஒரு ஞாயித்துக்கிழமை, நீ கார்டு வாங்க பஸ் ஏறிப் போயிருந்த. கூம் கூப்பிட்டாரு. மனுஷன் ஒத்தையில உக்காந்திருக்காரு. அப்புறம் நீ சந்தைக்குப் போற ஞாயிறெல்லாம் நான்தான். வீட்லேர்ந்து யாராவது ஒருத்தர் போகணுமில்ல?"

நெபோய்ஷா கூமைப் பார்த்தார். ஸ்தோயான் தலையைச் சொறிந்தான்.

"உன் பொட்டியில மொதல்லேயே இருந்ததே போதும் கூமே, அப்பவே ஓடியிருக்கும். படம் என்னவோ மங்கல்தான். மரமெல்லாம் காலிஃப்ளவர் மாதிரி நிக்கும். ஆனா பேசுறது நல்லாக் கேக்கும்."

பிறகு பையில் கொண்டுவந்த தன் மடிக்கணினியைத் திறந்துவைத்து, நாற்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். நெபோய்ஷா வந்து அந்தப் பாதியில் உட்கார்ந்தார். இருவரும் பெருத்துவிட்டார்கள், நாற்காலி முனகியது. ஒரு ஆட்டம் ஆடினார்கள், தோற்றார்கள், பில்யானா திட்டினார், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நெபோய்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பில்யானாவின் மடிக்கணினியைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதைக் கழட்டி ஒரே ஒரு மெமரி மட்டும் போட்டா..." என்று சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். பில்யானா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். கணினி விளையாட்டுப் பக்கமே நான் போவதில்லை என்கிறீர்கள். ரொம்ப நல்லது. வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, சோபா மாற்றிவிட்டு, நிதானமாகக் கூப்பிடுகிறேன் என்று ஒருவரிடம் சொல்லியிருந்தீர்களே, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, இல்லை நிறுத்திவிட்டாரா? நிறுத்தியிருந்தால் உங்கள் சட்டைப் பையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் இருக்கும்.