கிளாம்ப் அண்ணை வள்ளம் செய்த கதை

தூன் ஏரிக் கரையில் அன்று நின்றவர்கள்: கிளாம்ப் அண்ணை. அவருடைய மனைவி வசந்தி அக்கா. எங்கள் கட்டடத்தைப் பார்க்கும் ஹவுஸ்வார்ட், கையில் மரம் அரியும் வாளோடு. பிறகு நான்.

எங்கள் ஊரான ஓஸ்டர்முண்டிகன் முழுக்கத் தேடினாலும் கிளாம்ப் அண்ணையைப்போல உயிரை வாங்குகிற மனிதர் கிடைக்கமாட்டார்.

2011இல் கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போனார். திரும்பி வந்து பொம்பிளை மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே கண்ட ஒரு வள்ளத்தைப் பற்றியே கதைத்தார். மெல்லிய சீடர் மரக் கீலங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்வதாம். எங்கள் கட்டடத்துச் சைக்கிள் அறையில் தொடங்கினார். பசை காயும்வரை கீலங்களை இறுக்கி வைக்கக் கிளாம்ப் வேண்டும். வணக்கம் சொன்னவர்களிடமெல்லாம், "கிளாம்ப் இருக்கோ?" என்றார். பெயர் அப்படி வந்தது.

கிளாம்ப் போதவில்லை. உடுப்புத் தோய்க்கும் அறையில் எல்லா வீட்டாருடைய உடுப்புக் கிளிப்புகளும் காணாமல் போயின. அதுவும் போதவில்லை. என்னைப் பிடித்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பிடி. கையை எடுத்திடாத."

"எவ்வளவு நேரம் அண்ணை?"

"காயும் வரைக்கும்."

ஆஸ்பத்திரிச் சமையலறை வேலையில் நாள் முழுக்க நின்ற என் கால், வந்து அங்கேயும் நின்றது. மூன்று குளிர்காலம். வசந்தி அக்கா அந்தப் பக்கமே வருவதில்லை. படியில் நின்று கத்துவார்: "இந்தாள் உந்த மரத்தையே கட்டியிருக்கலாம்!"

கடைசியில் அயலவர்கள் முறையிட்டார்கள். ஹவுஸ்வார்ட் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் வெளியே போகவேண்டும். திரும்பி வரக்கூடாது. மிதந்தால் ஏரிக்கரையில் தன் தம்பியின் படகுக் கொட்டிலில் வைக்கலாம். மிதக்காவிட்டால் அங்கேயே துண்டு துண்டாக அரிந்துவிடுவேன் என்றார். சொன்னபடி வாளோடு வந்தார்.

கரையில் அண்ணை பையிலிருந்து தேங்காயை எடுத்தார். புதுக் கார் என்றால் தேங்காய் உடைக்காமல் எடுப்போமா?

"அண்ணை, அந்தக் கல்லில உடையுங்கோ."

"கப்பல் இறக்கேக்க போத்தலைக் கல்லிலயோ அடிக்கிறவங்கள்? கப்பலிலதானே!"

"உது சுண்டுவிரல் தடிப்பும் இல்லை."

"நீ பேசாம நில்லு."

அடித்தார். தேங்காய் உடையவில்லை. வள்ளத்தின் முன்பக்கம் பிளந்தது. தேங்காய் உருண்டு ஏரியில் விழுந்தது. அது நன்றாக மிதந்தது.

ஹவுஸ்வார்ட் வாளைத் தூக்கினார். அண்ணை பிளந்த இடத்தைத் தடவியபடி நின்றார்.

வசந்தி அக்கா செருப்பைக் கழற்றினார். வள்ளத்துக்குள் ஏறி இருந்தார்.

"வெட்டுறதெண்டா என்னையும் சேர்த்து வெட்டட்டாம். தம்பி, உதை அவருக்கு டொச்சில சொல்லு."

ஜெர்மன் மொழியில் சொன்னேன். ஹவுஸ்வார்ட் வாளைக் கீழே வைத்தார். காருக்குப் போய்ப் பெரிய டேப் உருளை ஒன்றைக் கொண்டுவந்து, பிளவின்மேல் சுற்றி ஒட்டினார். தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. டேப் ஓரத்தால் கொஞ்சம் கசிந்தது.

"ஏறு தம்பி," என்றார் அண்ணை.

"நான் உதில ஏறமாட்டன்."

"டேப்பை அமத்திப் பிடிக்க ஒராள் வேணுமெல்லோ. கையை எடுத்திடாத."

"எவ்வளவு நேரம்?"

"அக்கா காணும் எண்டுற வரைக்கும்."

அக்கா காணும், போதும் என்று சொல்லவேயில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

வள்ளத்தில் இருக்கை இரண்டு. போனது மூன்று பேர்.