நாகலிங்கத்தாருக்குத் துரை கொடுத்த பட்டம்

இனி மாட்டுவண்டிச் சவாரிப் பந்தயம் ஓடுவதில்லை என்று மனைவி பூரணத்தின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார் நாகலிங்கத்தார். மாடுகள் அவளுடைய சீதனம். சத்தியம் தவறினால் சோடியையும் சாவகச்சேரியிலிருக்கும் தமையன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். அடுத்த கிழமை பெரிய சவாரி வருகிறது. அதுவரையாவது மாடுகள் கையிலிருக்க வேண்டும் என்பது இவருடைய இரகசியக் கவலை.

ஆனால் மானிப்பாய் றோட்டில் வேறொருவன் வண்டி முந்திக்கொண்டு போனால் எந்த மனிதன் பொறுப்பான்? கயிற்றை இளக்கினார். மாடுகள் பறந்தன. பனைகள் பின்னால் ஓடின. எதிரே வந்த வெள்ளைக்காரத் துரையின் கார் கிடுகு வேலிக்குள் புகுந்தது. துரை தலையை நீட்டி, "ஹூலிகன்!" என்று முழங்கினார்.

மாடுகளுக்கு முன்னே அந்தச் சொல் வீட்டுக்கு வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, துரை உங்களை ஹூலிகன் எண்டவராம். பக்கத்து வீட்டு மீனாம்பிகையக்கா சொல்லுறா. உந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியிடம் கிளாக்கராக இருந்தவருக்குச் சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். அதனால்தான் வியர்த்தது.

"அது பட்டமப்பா! சீமையிலை பேர்பெற்ற ஒரு குடும்பத்தின்ரை பேர். மேலான ஆக்களை அந்தப் பேராலை கூப்பிடுறவை."

"அதை ஏன் வேலிக்குள்ளை நிண்டு சொன்னவர்?"

"எனக்கு மரியாதையாய் ஒதுங்கி நிண்டவர்!"

பூரணத்தின் முகம் பூரித்துப் போனது. அன்று பொரியலோடு சோறு.

விடிந்து பார்த்தால் கொட்டில் வெறுமை.

"பூரணம்! மாடுகள் எங்கை?"

"அண்ணை வந்து கொண்டு போட்டார்."

"ஐயோ, ஏன்?"

"பட்டம் வாங்கின மனிசன் மாட்டு வாலைப் பிடிச்சுக்கொண்டு றோட்டாலை போறதோ? பாக்கிற சனம் என்ன சொல்லும்? இனிக் குடையும் சால்வையுமாய் நடந்து போங்கோ."

அடுத்த கிழமைச் சவாரி மனக்கண்ணில் ஓடியது, இவர் இல்லாமல். நாகலிங்கத்தார் முற்றத்தில் நின்று துள்ளினார்.

"அது பட்டமில்லையப்பா! லண்டன் தெருவிலை அடிபிடிப்பட்டுத் திரிஞ்ச ஒரு குடும்பத்தின்ரை பேராம். அதாலை காவாலியளுக்கெல்லாம் அந்தப் பேர் வந்ததாம். நான் பெரிய மனிசன் இல்லை, காவாலி! சத்தியத்தை மறந்து சவாரி ஓடி, துரையை வேலிக்குள்ளை தள்ளின காவாலி! மாட்டைக் கொண்டுவரச் சொல்லு!"

வேலியிலிருந்த பொட்டு ஓட்டைக்குள் மீனாம்பிகையின் தலை. அதற்கு மேலே இன்னும் நாலைந்து தலைகள்.

முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த பூரணம் நிமிரவேயில்லை.

"ஓம். சத்தியத்தை மறந்ததுக்குத்தான் அனுப்பினனான்."